செல்போண் தோட்டத்து இலையுதிர்காலம்

இலையுதிர்காலம் என்னும் சொல்லை நம்மவரிற் பெரும்பாலோர் பாடநூல் வாயிலாகவே அறிந்திருக்கின்றனர். நமது நாட்டு மரங்கள் இலை சொரிவதே இல்லை என்பதன்று; இலவும் வாகையும் ஆண்டுதோறும் தம் இலைகளைச் சொரியத்தான் செய்கின்றன. ஆயினும், கண்ணுக்கெட்டிய தூரம்வரை மரங்களெல்லாம் ஒருங்கே பொன்னிறமும் செந்நிறமும் பெற்று, ஒருசில வாரங்களுள் வெறுங் கிளைகளாய் நிற்கும் காட்சி நமக்குப் பழக்கமானதன்று. ஐப்பசி பிறந்ததும் நமது தோட்டங்கள் மழையைக் கண்டு விழித்தெழுகின்றன. அதே நாட்களில் இங்கிலாந்துத் தோட்டங்கள் உறங்குவதற்கு ஆயத்தஞ் செய்கின்றன.

அவ்வாறு உறங்கப்போகும் தோட்டத்தை நாள்தோறும் கூர்ந்து நோக்கி, நோக்கியதை நோக்கியபடியே எழுதி, எழுதியதைத் தன்போன்ற ஆர்வலரோடு பகிர்ந்துகொண்டு வாழ்ந்தார் ஒருவர். அவர் பெயர் கில்பேட் வைற். 1720 ஆம் ஆண்டு பிறந்து 1793 ஆம் ஆண்டு மறைந்த அவர், தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர்ப் பகுதியிலுள்ள செல்போண் என்னும் சிற்றூரிலே உதவிக் குருவாகப் பணியாற்றியவர். பெரும் பதவி எதனையும் வகித்தவரல்லர், தொலைதேசங்களுக்குக் கப்பலேறியவருமல்லர். ஆயினும் 1789 ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ‘செல்போண் இயற்கை வரலாறு’ இன்றுவரை திரும்பத் திரும்பப் பதிப்பிக்கப்பட்டு வருகின்றது. ஒரு கிராமத்துக் குருவானவர் தம் வீட்டுத் தோட்டத்தைப் பற்றி எழுதிய கடிதங்களுக்கு இத்துணை ஆயுள் வாய்த்தது எவ்வாறு என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.

தோட்டக் குறிப்பிலிருந்து இயற்கைக் குறிப்புக்கு

வைற் முதலில் ஒரு தோட்டக்காரர். பின்னரே இயற்கை ஆராய்ச்சியாளர். 1751 ஆம் ஆண்டு ‘தோட்ட நாட்காட்டி’ என ஒரு குறிப்பேட்டைத் தொடங்கி, எந்த நாளில் எதனை விதைத்தார், எது முளைத்தது, எது பட்டுப்போயிற்று என்பவற்றை எழுதிவந்தார். அவருடைய நிலம் கடுங் களிமண். சாணமும் சாம்பலும் கொட்டி அதனைப் பண்படுத்தினார். குதிரைச் சாணத்தைக் குவித்து, அது மக்கும்பொழுது உண்டாகும் சூட்டிலே பாத்தியமைத்து, அக்குளிர் நாட்டிலே முலாம்பழம் விளைவிக்க அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. செப்டெம்பரிலே மதிலோரத்துக் கொடிமுந்திரிகை பழுக்குமா, பழுக்குமுன் குளிர் முந்திவிடுமா என்ற கவலை அவருக்கு ஆண்டுதோறும் உண்டு. அருஞ்செயல்களின் பட்டியலன்று அக்குறிப்பேடு; வெற்றி எழுதப்பட்டவாறே தோல்வியும் எழுதப்பட்டிருக்கின்றது.

டேய்ன்ஸ் பாரிங்ரன் என்னும் சட்ட அறிஞர் ‘இயற்கை ஆய்வாளர் நாட்குறிப்பு’ என ஒரு படிவத்தை வகுத்து அச்சிடுவித்தார். காற்றின் திசை, மழை, வெப்பமானியின் அளவு, முதலில் இலைவிட்ட மரம், முதலிற் பூத்த செடி, புதிதாகத் தோன்றிய அல்லது மறைந்துபோன பறவை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிரல் அதில் இருந்தது. 1768 ஆம் ஆண்டு முதல் தாம் இறப்பதற்குப் பதினொரு நாட்களுக்கு முன்வரை, இருபத்தைந்து ஆண்டுகளாக, வைற் அந்தப் படிவத்தை நிரப்பிவந்தார். தோட்டத்தை நோக்கிப் பழகிய கண், அவரை அறியாமலே வேலிக்கு அப்பாலும் சென்றது. நாற்று எப்பொழுது முளைக்கும் என்று காத்திருந்தவர், குருவி எப்பொழுது வரும் என்றும் காத்திருக்கலானார்.

அறுவடை வயலும் சிலந்தி மழையும்

இலையுதிர்காலம் அவருக்கு அளித்த காட்சிகள் சிலவற்றைக் காண்போம்.

1767 ஆம் ஆண்டு அறுவடைக் காலத்தில், கோதுமை வயலிலிருந்து ஒரு சிறு கூடு அவருக்குக் கிடைத்தது. கோதுமைத் தாள்களைப் பின்னி முடைந்த உருண்டை அது. கிரிக்கெட் பந்தின் அளவினது. வாயில் எங்கேயென்று தேடினாலும் புலப்படாது. மேசைமீது உருட்டினாலும் குலையாத அக்கூட்டினுள் எட்டுக் குஞ்செலிகள் இருந்தன. இங்கிலாந்தின் மிகச் சிறிய எலியாகிய அதனை அந்நாட்டு அறிஞர்கள் அதுவரை தனியினமாகக் கண்டுகொள்ளவில்லை. கதிரறுத்த உழவர்கள் அதனை அறிந்திருந்தனர். அவர்களுக்கு அது ஒரு செய்தியாகத் தோன்றவில்லை. வைற் அதனைத் தோமஸ் பெனன்ற் என்னும் விலங்கியலறிஞருக்கு எழுதி அனுப்பியதனாலேயே அது நூலேறியது.

மற்றொன்று, அவர் தமது இளமையிற் கண்டு பல ஆண்டுகள் நெஞ்சிலே வைத்திருந்த காட்சி. 1741 ஆம் ஆண்டு செப்டெம்பர் 21 ஆம் நாள் விடியற்காலை அரிதாள் வயல்களெங்கும் சிலந்தி நூல் பனித்துளியோடு வலைவிரித்தாற்போற் கிடந்தது. வேட்டைக்குச் சென்ற நாய்களின் கண்களை அது மூடிவிட, அவை நின்று முகத்தைச் சுரண்டிக்கொண்டன. சிறிது நேரத்தின் பின், வானத்திலிருந்தே அந்நூல் துண்டு துண்டாகப் பொழியத் தொடங்கி மாலைவரை ஓயவில்லை. பல மைல் தொலைவிலுள்ள ஊர்களிலும் அவ்வாறே பொழிந்தது. பனியிலிருந்து பிறப்பது அந்நூல் என அக்காலத்தவர் சிலர் எண்ணியிருந்தனர். அது சின்னஞ்சிறு சிலந்திகளின் வேலையே என வைற் எழுதினார். தாம் வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தின்மீது ஊர்ந்த சிலந்தி நூலை விட்டு, காற்றே இல்லாத இடத்திலும் மேலெழுந்து போவதை அவர் கண்டிருந்தார். சிலந்திகள் இவ்வாறு நூலேறிப் பறந்து இடம்பெயர்வதை இன்று அறிவியல் நன்கறியும்.

உதிர்ந்த இலையையும் அவர் சும்மா விடவில்லை. மண்புழுக்கள் இலைக் காம்புகளையும் வைக்கோலையும் தம் வளைகளுக்குள் இழுத்துச் செல்வதை நோக்கினார். தோட்டக்காரர் வெறுக்கும் அவ்வுயிர் இல்லாவிடின் மண் இறுகிக் குளிர்ந்து பயனற்றுப்போகும் என 1777 ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் எழுதினார். நூறாண்டுகளின் பின், 1881 ஆம் ஆண்டில், சார்ள்ஸ் டார்வின் மண்புழுக்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். பள்ளிப் பருவத்தில் வைற்றின் நூலைப் படித்தே பறவைகளை நோக்கக் கற்றதாக டார்வின் நன்றியுடன் நினைவுகூர்ந்திருக்கின்றார்.

தகைவிலான் எங்கே போகின்றது?

ஆயினும் வைற்றின் நெஞ்சை ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் வருத்திய வினா ஒன்றுண்டு. கோடை முழுவதும் ஊரெங்கும் பறந்து திரிந்த தகைவிலான் குருவிகள் ஒக்டோபரிலே மறைந்துவிடுகின்றனவே, அவை எங்கே போகின்றன?

இன்று சிறுபிள்ளையும் இதற்கு விடை கூறும். அன்றோ பேரறிஞரும் மயங்கினர். குளிர்காலத்திலே அவை பொந்துகளில் ஒளிந்து கிடக்கும் என்ற எண்ணம் அரிஸ்டோட்டில் காலத்திலிருந்தே இருந்தது. ஏரியின் அடியிலே உறங்கும் என்றுகூட நம்பினர்; தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் பெயரிட்ட லின்னேயசே அதனை ஏற்றிருந்தார். வைற்றின் நண்பர் பாரிங்ரனோ, பறவைகள் கடல்கடந்து செல்கின்றன என்பதைக் கடுமையாக மறுத்தவர்.

வைற்றின் கையிலே இருபுறத்துச் சான்றுகளும் இருந்தன. அவருடைய தம்பி ஜோன் கிப்ரோல்டரிலே வாழ்ந்தவர். பறவைகள் கூட்டங் கூட்டமாக அந்நீரிணையைக் கடந்து ஆபிரிக்காவுக்குச் செல்வதை நேரிற் கண்டு தமையனுக்கு எழுதினார். ஆகவே சில பறவைகளாவது பெயர்ந்து செல்கின்றன என்பதில் வைற்றுக்கு ஐயமில்லை. ஆனால் செல்போணிலே நவம்பர் மாதத்து வெயில்நாளொன்றில், வாரக்கணக்கிற் காணப்படாதிருந்த குருவிகள் சில திடீரெனத் தோன்றிப் பறந்ததையும் அவர் கண்டார். ஆபிரிக்காவுக்குப் போனவை ஒரு வெயிலைக் கண்டு திரும்பிவருமா? அருகிலே எங்கோ உறங்கியவை அல்லவா விழித்தெழுந்திருக்கும்?

இந்த ஐயத்துக்கு அவருடைய தோட்டமே எண்ணெய் வார்த்தது. 1780 ஆம் ஆண்டு அத்தையார் இறந்ததன்பின், அவர் வளர்த்த நில ஆமையை வைற் செல்போணுக்குக் கொண்டுவந்தார். ‘திமோதி’ என்பது அதன் பெயர். நவம்பர் தொடங்கியதும் அது தன் முன்னங்கால்களால் மண்ணைத் தோண்டிப் பின்னங்கால்களால் மேலே வாரியெறியும். அவ்வேலை நாட்கணக்காக நடக்கும். அசைகிறதா இல்லையா என ஐயுறுமளவுக்கு மெதுவாக நடக்கும். பின்பு மண்ணுள் மறைந்து இளவேனில்வரை உறங்கும். ஆமை உறங்குகின்றது, வௌவால் உறங்குகின்றது; குருவி மட்டும் உறங்கலாகாதா? வைற் ஆட்களைக் கொண்டு ஊரையடுத்த மலைச்சரிவின் புதர்களையும் பொந்துகளையும் தேடுவித்தார். உறங்கும் குருவியொன்றேனும் அகப்படவில்லை.

அவர் செய்தது யாது? கிடைக்கவில்லை என்பதை அவ்வாறே எழுதினார். நவம்பரிற் கண்ட குருவிகளையும் மறைக்காமல் எழுதினார். தாம் விரும்பிய முடிவுக்காக ஒரு சான்றையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவ்வையம் தீராமலே அவர் கண்மூடினார்.

விடை தந்தவரும் தோட்டத்து ஆர்வலர் ஒருவரே. 1911 ஆம் ஆண்டு மே மாதம், ஸ்ரஃபோட்ஷயர்ப் பகுதியில் ஜோன் மேஸ்பீல்ட் என்னும் சட்டத்தரணி (அப்பெயருடைய கவிஞர் வேறு) தம் வீட்டிலே கூடுகட்டிய தகைவிலான் ஒன்றின் காலில் இலக்கமிட்ட சிறு வளையத்தை மாட்டிப் பறக்கவிட்டார். 1912 ஆம் ஆண்டு டிசெம்பர் 23 ஆம் நாள், ஏறக்குறைய 6000 மைல் தொலைவிலே, தென்னாபிரிக்காவின் நேற்றால் மாகாணத்துப் பண்ணையொன்றில் அக்குருவி பிடிபட்டது. வளையத்திலிருந்த முகவரியைக் கண்டவர் கடிதம் எழுதினார். வைற் மறைந்து 119 ஆண்டுகளின் பின், அவருடைய வினாவுக்கு மறுமொழி ஒரு கடிதமாகவே வந்து சேர்ந்தது.

திமோதியின் கதையிலும் ஒரு முடிவு உண்டு. எசமானரின் பின் ஓராண்டளவே அது வாழ்ந்தது. அதன் ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையிலே இருக்கின்றது. அவ்வோட்டை ஆராய்ந்தவர்கள் திமோதி ஆணன்று, பெண்ணே எனக் கண்டனர். கூர்ந்து நோக்குவதில் அவரை விஞ்சியவர் அரியர். அவருக்கும் தம் தோட்டத்திலேயே ஒன்று தப்பிவிட்டது.

ஒருவர் விட்டதை மற்றவர் தொடர

வைற்றின் இறுதி ஆண்டுகளில் நோர்போக் பகுதியிலிருந்து றொபேட் மார்ஷம் என்னும் முதியவர் அவருடன் கடிதத் தொடர்பு கொண்டார். மரம் நடுவதிலே பேரார்வம் உடைய மார்ஷம், 1736 ஆம் ஆண்டு தொடக்கம் தம் ஊரில் எந்த மரம் எந்நாளில் இலைவிட்டது, எந்தப் பறவை எந்நாளில் வந்தது எனக் குறித்துவந்தார். அவருக்குப் பின் அவர் குடும்பத்தார் 1958 ஆம் ஆண்டுவரை அக்குறிப்பைத் தொடர்ந்தனர். பூமி வெப்பமடைந்து வருவதை ஆராயும் இக்காலத்து அறிஞர்கள் அந்த ஏடுகளை எடுத்துப் பார்க்கின்றனர். இளவேனில் வெப்பம் ஏற ஏற மரங்கள் முந்தி இலைவிடுவதற்கு அவற்றிலே சான்று காண்கின்றனர். அக்குடும்பத்தார் இந்த நோக்கத்தோடு எழுதவில்லை. இன்னதற்கு இது பயன்படும் என்று அறியாமலே உண்மையை எழுதி வைத்தனர், அதுவே பயன்பட்டது.

நமது நாட்டுக்கு இது தொலைதூரக் கதையன்று. இங்கிலாந்துத் தகைவிலான் தென்னாபிரிக்காவுக்குப் போகின்றது. அதே இனத்தைச் சேர்ந்து ஆசியாவின் வடபாகங்களிற் கூடுகட்டுபவையோ மழைக்காலத்தை ஒட்டி நமது ஊர்களுக்கே வருகின்றன. வயல்வெளிகளின் மேலாகச் செல்லும் மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருப்பவற்றை நாம் நாளும் காண்கின்றோம். மாலை மங்கும் வேளையிலே குரலெடுக்கும் ஆறுமணிக் குருவியும் அந்நாட்களில் வரும் விருந்தாளியே. வேலியோரத்திலே கார்த்திகைப்பூ மலர்கின்றது. வைற்றும் பாரிங்ரனும் எங்கே என்று ஏங்கிய பறவைகளின் சுற்றத்தார் நம் தலைக்கு மேலேயே பறக்கின்றனர்.

ஆயின் அவை இவ்வாண்டு எந்நாளில் வந்தன? சென்ற ஆண்டு எந்நாளில்? கார்த்திகைப்பூ முதலில் மலர்ந்தது முதல் மழைக்கு எத்தனை நாட்களின் பின்? இவ்வினாக்களை ஒரு வகுப்பிலே கேட்டால் விடை கூறுபவர் எத்தனை பேர்? இதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. கோடிட்ட பயிற்சிக் கொப்பி ஒன்றும், நாள்தோறும் ஐந்து நிமிடமும், கண்டதைக் கண்டவாறும் காணாததைக் காணவில்லை என்றும் எழுதும் நேர்மையும் போதும். ஒரு பாடசாலை மாணவரின் கொப்பியை மற்றொரு பாடசாலை மாணவர் வாசிக்கத் தொடங்கினால், வைற்றும் மார்ஷமும் கடிதங்களாற் செய்ததை நம் பிள்ளைகளும் செய்தவராவர்.

அடுத்த ஐப்பசியில் முதற் குருவி வந்து கம்பியிலே அமரும்பொழுது, அந்நாளை எழுதிவைக்க ஓர் ஏடு திறந்திருக்கட்டும். அதனைப் பின்னொரு காலத்திலே எவர் எதற்காகத் தேடுவாரென்பதை நாம் அறிய வேண்டியதில்லை.