கழிமுகத்து மக்கள்

மலையும் ஆறும் கடலும் எங்கெங்கு அமைந்துள்ளன என்று கூறுவது புவியியலின் ஒரு பகுதியாகும். அவ்விடங்களில் மக்கள் எவ்வாறு குடியேறினர், எத்தொழில் செய்து வாழ்கின்றனர், எக்காரணத்தால் ஓரிடம் விட்டு ஓரிடம் பெயர்கின்றனர் என்று ஆராய்வது அதன் மற்றொரு பகுதியாகும். இதனை மக்கட் புவியியல் என்பர். தொழிலும் செல்வமும் வளர்ந்துவரும் நாடுகளைப் பற்றி அறிய இப்பகுதி பெரிதும் துணை செய்யும். செல்வம் மிகுந்த நாட்டில் வெள்ளம் வந்தால் அணையும் கால்வாயும் அதனைத் தாங்கிக்கொள்ளும். வளரும் நாட்டிலோ அது நேரே குடிசையின் வாயிலில் வந்து நிற்கும். அங்கே நிலத்திற்கும் மனிதனுக்கும் இடையே நிற்கும் சுவர் மெல்லியது. இவ்வுண்மைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு வங்காள தேசம்.

இமயத்தில் தோன்றிய இரு பேராறுகள் அந்நாட்டினுள் புகுகின்றன. கங்கை அங்கே பத்மா என்று பெயர் பெறுகின்றது. பிரம்மபுத்திரா ஜமுனா என்று வழங்குகின்றது. இவ்விரண்டும் கூடி, மேக்னா என்னும் மூன்றாம் ஆற்றோடு கலந்து, வங்காள விரிகுடாவில் விழுகின்றன. மலைகளிலிருந்து இவ்வாறுகள் ஆண்டுதோறும் கொணரும் வண்டல் ஏறத்தாழ 100 கோடி டன் என்று கணக்கிட்டுள்ளனர். இவ்வண்டல் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து படிந்து உருவானதே அந்நாட்டின் பெரும்பகுதி. ஆறுகள் கொடுத்த நாடு என்று அதனைக் கூறினால் அது புனைந்துரை ஆகாது.

வண்டல் மண் வளம் மிக்கது. ஆதலின் அங்கே ஓராண்டில் மூன்று பருவங்களில் நெல் விளைகின்றது. கோடை மழையில் வளர்வது 'ஆவுஸ்'. பெருமழைக் காலத்தில் வளர்ந்து மழை ஓய்ந்தபின் அறுக்கப்படுவது 'ஆமன்'. குளிர்காலத்தில் பாசன நீரால் விளைவது 'போரோ'. நிலம் பலரைத் தாங்க வல்லதாயின் பலர் அதனை நாடி வருவர். நாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,48,000 சதுர கிலோமீட்டர். 2022-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 16 கோடியே 50 இலட்சம் பேர். சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழ்கின்றனர். சிறு தீவு நாடுகளையும் நகர நாடுகளையும் நீக்கிப் பார்த்தால், உலகில் இத்துணை நெருக்கமாக மக்கள் வாழும் நாடு வேறொன்றில்லை.

அங்குள்ள சிற்றூர்களின் அமைப்பே நீரோடு பழகிய மக்களின் அறிவைக் காட்டும். வீடு கட்ட விரும்புவோர் முதலில் குளம் வெட்டுவர். வெட்டிய மண்ணை மேடாகக் குவித்து அதன்மேல் வீடு அமைப்பர். குளம் மீனும் நீரும் தரும். மேடு வெள்ளத்தினின்று காக்கும். மழைக்காலத்தில் வயல்கள் நீருள் மூழ்க, மேடுகள் மட்டும் தீவுகள்போல் தோன்றும். நெடுநாள் நீர் தேங்கும் தெற்குப் பகுதியில் ஆகாயத் தாமரையை அடுக்கி மிதவை செய்து, அதன்மேல் காய்கறி பயிரிடும் வழக்கமும் உண்டு. நீர் உயர்ந்தால் தோட்டமும் உயரும். நீர் தாழ்ந்தால் தோட்டமும் தாழும்.

வெள்ளத்தைக் குறிக்க அம்மக்கள் இரண்டு சொற்களை வழங்குகின்றனர். ஆண்டுதோறும் வந்து வயலுக்கு வளம் தந்து செல்லும் நீர் 'பர்ஷா' எனப்படும். அளவு கடந்து வந்து அழிவு செய்யும் நீர் 'பொன்யா' எனப்படும். முன்னது வாராவிடின் உழவர் வருந்துவர். பின்னது வந்தால் நாடே வருந்தும். 1998-ஆம் ஆண்டில் நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நீரில் மூழ்கியது. பல இடங்களில் அந்நீர் இரண்டு மாதங்களுக்கு மேல் வடியவில்லை. ஒரே ஆறு வாழ்வும் தரும், கேடும் செய்யும்.

ஆறுகள் ஓரிடத்தில் நிலைத்து ஓடுவதுமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் ரென்னல் என்னும் ஆங்கிலேயர் வங்காளத்தை அளந்து படங்கள் வரைந்தார். அப்படங்களில் பிரம்மபுத்திரா மதுப்பூர் மேட்டு நிலத்திற்குக் கிழக்கே ஓடுகின்றது. 1787-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பின்னர் அது சிறிது சிறிதாக மேற்கே விலகி, இன்றைய ஜமுனாவாகப் பாய்ந்தது. இத்தகைய ஆறுகள் ஒரு கரையை அரித்து மற்றோரிடத்தில் மணல் திட்டுகளை எழுப்புகின்றன. அத்திட்டுகள் 'சர்' எனப்படும். புல் முளைத்ததும் அங்கே ஏழை மக்கள் குடியேறி உழத் தொடங்குவர். சில ஆண்டுகளில் ஆறு மீண்டும் அதனை விழுங்கினால், தட்டியையும் தகரத்தையும் படகில் ஏற்றிக்கொண்டு வேறு திட்டினைத் தேடிச் செல்வர். வாழ்நாளில் பலமுறை இவ்வாறு பெயர்ந்த குடும்பங்கள் அங்கே மிகப் பல. இடர் மிக்க இடம் என்று அறிந்தும் ஏன் அங்கே குடியேறுகின்றனர் எனில், இடரற்ற நிலம் அவர்களுக்குக் கிட்டவில்லை என்பதே விடை.

ஆற்றால் வரும் துன்பம் மெல்ல வரும். கடலால் வரும் துன்பமோ ஓரிரவில் வரும். வங்காள விரிகுடாவின் வடமுனை புனல்போல் குறுகியது, ஆழமும் குறைந்தது. ஆதலின் புயற்காற்று உந்தித் தள்ளும் கடல்நீர் விரிந்து செல்ல இடமின்றிச் சுவர்போல் உயர்ந்து, தாழ்ந்த கரையின்மேல் பாய்கின்றது. 1970-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் இரவு போலாத் தீவையும் அதனைச் சூழ்ந்த கரையையும் இவ்வாறே கடல் மூடியது. அப்பொழுது அந்நாடு கிழக்குப் பாகிஸ்தான் என்று வழங்கியது. அவ்விரவில் மாண்டோர் மூன்று இலட்சத்திற்குக் குறையார் என்றும், ஐந்து இலட்சம்வரை இருக்கலாம் என்றும் மதிப்பிட்டுள்ளனர். புயல் வருவது முன்னரே தெரியாமல் இல்லை. வானொலியில் எச்சரிக்கையும் வந்தது. ஆயினும் அது தெளிவாக இல்லை. பலருடைய செவிக்கு எட்டவுமில்லை. எட்டியவர்க்கும் ஓடிச் சேர்தற்கு உயர்ந்த இடம் இல்லை.

அடுத்த ஆண்டில் நாடு விடுதலை பெற்றது. 1972-ஆம் ஆண்டில் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு புயற்காப்புத் தொண்டர் படை ஒன்று தொடங்கப்பெற்றது. விரைவில் அரசும் அதில் பங்கு கொண்டது. புயற்செய்தியைக் கடைசிக் குடிசைவரை கொண்டு சேர்ப்பதே அதன் முதற்பணி. அபாயம் நெருங்க நெருங்க ஊரின் கம்பத்தில் ஒரு கொடி, இரு கொடி, மூன்று கொடி என ஏறும். தொண்டர்கள் ஒலிபெருக்கிக் குழலோடு நடந்தும் மிதிவண்டியிலும் சென்று வீடுதோறும் அழைப்பர். ஓடிவருவோர் தங்குதற்கு உயர்ந்த தூண்களின்மேல் புகலிடங்கள் எழுந்தன. அவற்றுட் பல, புயலற்ற நாள்களில் பள்ளிக்கூடங்களாகப் பயன்படுகின்றன. கால்நடைகளுக்கென மண் மேடுகளும் அமைத்தனர். ஏனெனில் ஏழை உழவன் தன் மாட்டை விட்டுவிட்டு வரத் துணியான்.

இவ்வளவும் போதுமானதாய் இல்லை என்பதை 1991-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் வீசிய புயல் உணர்த்தியது. அதில் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர். மாண்டோருள் ஆடவரினும் பெண்டிர் பன்மடங்கு மிகுதி. கடல் ஆண் பெண் என்று வேறுபாடு பார்ப்பதன்று. ஊர் வழக்கமே அவ்வேறுபாட்டைச் செய்தது. வீட்டையும் குழந்தைகளையும் காக்கும் கடமை பெண்டிர்மேல் இருந்தது. கணவரோ தந்தையோ வந்து அழைக்காமல் வெளியேற அவர்கள் தயங்கினர். ஆடவர் கூட்டம் நிறைந்த புகலிடத்தில் அவர்களுக்கென இடமில்லை. நீந்தப் பழகாத அவர்களை நீண்ட சேலை நீரில் இழுத்தது. இதனை உணர்ந்தபின் புகலிடங்களில் பெண்டிர்க்குத் தனி இடம் ஒதுக்கினர். தொண்டர் படையிலும் பெண்களை மிகுதியாகச் சேர்த்தனர். இன்று அப்படையில் 70,000-க்கு மேற்பட்டோர் உள்ளனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். பெண்ணொருத்தி வந்து அழைத்தால் வீட்டிலுள்ள பெண் கதவைத் திறப்பாள் அன்றோ?

2007-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் 'சிட்ர்' என்னும் கடும்புயல் தென்மேற்குக் கரையைத் தாக்கியது. பல இலட்சம் மக்கள் முன்னரே புகலிடம் சேர்ந்திருந்தனர். மாண்டோர் தொகை மூவாயிரத்திற்கு மேற்பட்டது. ஓர் உயிரும் சிறிதன்று. ஆயினும் 1970-ஆம் ஆண்டின் தொகையோடு ஒப்பிட்டால், வேறுபாடு வியப்பளிக்கும். எல்லாப் புயல்களும் ஒரே வலிமை உடையன அல்ல; கரை சேரும் நேரமும் கடலின் ஏற்ற இறக்கமும் வேறுபடும். அவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் ஓர் உண்மை எஞ்சி நிற்கும். கரை உயரவில்லை, விரிகுடா அகலவில்லை, மக்கள் தொகையோ பெருகியது. மாறியது மக்கள் செய்துகொண்ட ஏற்பாடே.

வீட்டு வாயில்வரை சென்ற சொல் வேறு உயிர்களையும் காத்தது. தேங்கிய நீர் மிக்க நாட்டில் வாந்திபேதியும் வயிற்றுப்போக்கும் எண்ணற்ற குழந்தைகளைக் கொன்றன. உடலினின்று வெளியேறும் நீரையும் உப்பையும், வாய்வழியாகப் பருகும் உப்பும் சர்க்கரையும் கலந்த நீராலேயே ஈடு செய்யலாம் என்று 1968-ஆம் ஆண்டில் டாக்கா ஆராய்ச்சிக்கூடத்து மருத்துவர்கள் மெய்ப்பித்தனர். மருத்துவமனையில் கண்ட உண்மை சிற்றூரை எட்ட வேண்டுமே! 1972-இல் தோன்றிய 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனம் 1980-ஆம் ஆண்டில் அப்பணியைத் தொடங்கியது. அதன் பெண் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்றனர். மூன்று விரல்களால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் நீர் என்று தாய்மார்க்குக் கற்பித்தனர். கற்பித்தவருக்குரிய ஊதியம் எத்தனை வீடுகள் சென்றார் என்பதைப் பொறுத்ததன்று. பின்னர்ச் சென்று வினவும்போது தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருந்தனர் என்பதைப் பொறுத்தது. பத்தாண்டுகளில் ஒரு கோடியே 20 இலட்சத்திற்கு மேற்பட்ட இல்லங்களை இவ்வறிவு அடைந்தது.

குழந்தைகள் பிழைத்தால் மக்கள் தொகை கட்டுக்கடங்காது பெருகும் எனச் சிலர் அஞ்சினர். நிகழ்ந்தது வேறு. பெற்ற பிள்ளைகள் நிலைத்து வாழ்வர் என்ற நம்பிக்கை பிறந்ததும் பெற்றோர் சில பிள்ளைகளே போதும் என எண்ணினர். குடும்பநலப் பணிபுரியும் பெண்கள் இல்லந்தோறும் சென்று வழி கூறினர். 1994-ஆம் ஆண்டு முதல் சிற்றூர்களில் உயர்நிலைப் பள்ளி செல்லும் பெண்களுக்கு அரசு உதவித்தொகை வழங்கியது. அதனால் அவர்கள் படிப்பும் நீண்டது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு தாய் சராசரியாக ஆறு பிள்ளைகளுக்கு மேல் பெற்றாள். இன்று அவ்வெண் இரண்டினைச் சற்றே கடந்துள்ளது. ஐந்து வயது நிரம்பாமல் இறக்கும் குழந்தைகள் அன்று ஆயிரத்திற்கு இருநூற்றுவருக்கு மேல். இன்று நாற்பதின்மருக்கும் குறைவு.

நிலம் தாங்காதபோது மக்கள் நகரை நாடுவர். டாக்கா நகரில் 1950-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் வாழ்ந்தனர். இன்று சுற்றுப்புறம் உட்பட இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். ஆறு அரித்த ஊரினர் பலர் அங்குள்ள சேரிகளில் ஒண்டியுள்ளனர். ஆயத்த ஆடைத் தொழில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் பேருக்கு வேலை அளிக்கின்றது. அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். தம் கையால் ஈட்டிய பொருள் அவர்களுக்கு வீட்டில் மதிப்பைத் தந்தது. எனினும் 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், டாக்காவை அடுத்த சாவாரில் ஆடைத் தொழிற்கூடங்கள் இயங்கிய எட்டு மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். முந்தைய நாளே சுவர்களில் வெடிப்புகள் தோன்றின. அவற்றைக் கண்டும் தொழிலாளரை உள்ளே அனுப்பினர். 1970-இல் எச்சரிக்கை மக்களை எட்டவில்லை. 2013-இல் எட்டிய எச்சரிக்கையை மதிக்க வேண்டியவர் மதிக்கவில்லை. இயற்கையின் சீற்றமின்றியே மனிதரின் புறக்கணிப்பு அத்தனை உயிர்களைக் கொண்டது.

துன்பங்கள் தீர்ந்தனவல்ல. உலகம் வெப்பமடைவதால் கடல்மட்டம் உயர்கின்றது. தென்கரை வயல்களிலும் குளங்களிலும் உப்பு ஏறுகின்றது. குடிநீருக்காகப் பெண்கள் நெடுந்தொலைவு நடக்கின்றனர். உப்பைத் தாங்கும் நெல்வகைகளை அந்நாட்டு அறிஞர்கள் ஆக்கிவருகின்றனர். இக்கேட்டினை விளைத்ததில் அவ்வேழை மக்களுக்குள்ள பங்கு மிகச் சிறிது. அதனால் வரும் துன்பத்தில் அவர்கள் பங்கோ மிகப் பெரிது.

ஒரு நாட்டின் மலையையும் ஆற்றையும் கடலையும் மக்கள் தேர்ந்து கொள்வதில்லை. ஆயினும் அவற்றினிடையே எவ்வாறு வாழ்வது என்பதை அவர்கள் தேர்ந்து கொள்ளலாம். கம்பத்தில் ஏறும் கொடியும், தாயின் நினைவில் நிற்கும் பிடி வெல்லமும், பள்ளி செல்லும் பெண்ணின் புத்தகமும் படத்தில் வரையப்படுவன அல்ல. எனினும் ஒரு நாட்டின் புவியியலை முற்றும் அறிய விரும்புவோர் ஆறுகளோடு அவற்றையும் சேர்த்தே கற்றல் வேண்டும்.