தேங்காய்ப்பாலும் அதன் மாற்றுகளும் (நாஞ்சில் நாடு)

மேலைச் சமையலில் கிரீம் செய்யும் வேலையை நாஞ்சில் நாட்டுச் சமையலில் தேங்காய்ப்பால் செய்கிறது. குழம்புக்கும் பாயசத்துக்கும் கொழுப்பு, மணம், திடம் ஆகியவற்றை அது தருகிறது. இன்று பிழிந்த பாலுக்கு மாற்றாக அட்டைப்பெட்டிப் பாலும் பொடியும் கடைகளில் கிடைக்கின்றன. பிழிந்த பாலே உயர்ந்தது, மற்றவை தரம் தாழ்ந்தவை என்ற கருத்து பரவலாக உள்ளது. இக்கருத்தில் ஒரு பகுதி சுவை சார்ந்தது, மறுபகுதி கௌரவம் சார்ந்தது.

பின்னணி

நாஞ்சில் நாடு கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களைக் கொண்ட நிலப்பகுதி. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்துடன் இணையும் வரை திருவிதாங்கூர், பின் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்ததால் இதன் விருந்துணவு கேரள உணவுக்கு நெருக்கமானது. அடைப் பிரதமன், சக்கைப் (பலாப்பழ) பிரதமன் ஆகியவை தேங்காய்ப்பாலில் செய்யப்படுபவை. இம்மாவட்டத்தின் ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய் புவிசார் குறியீடு பெற்றது.

பால் எடுக்கும் முறை

துருவிய தேங்காயை அரைத்து, சிறிதளவு நீர் விட்டுப் பிழிவது முதல் பால். அதே துருவலில் மீண்டும் நீர் விட்டு இரண்டாம், மூன்றாம் பால் எடுக்கப்படும். பிரதமனில் நீர்த்த பால் முதலில் சேர்ந்து கொதிக்கும். முதல் பால் இறுதியில் சேர்க்கப்பட்டு, கொதிக்கும் முன் இறக்கப்படும்.

இதற்கு அறிவியல் காரணம் உண்டு. தேங்காய்ப்பால் என்பது நீரில் பரவிய எண்ணெய்த் துளிகள். அத்துளிகளை ஒன்றுசேராமல் பிரித்து வைத்திருப்பவை தேங்காயின் புரதங்கள். சூடு மிகும்போது புரதம் உருக்குலைந்து பால் திரிந்துவிடும்.

மாற்றுகள்

பிழிந்த பால் அறை வெப்பத்தில் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். அட்டைப்பெட்டிப் பால் சில நொடிகள் மிக உயர்ந்த வெப்பத்தில் சூடாக்கப்பட்டு, கிருமி புகாதபடி அடைக்கப்படுகிறது. பிரியாமல் இருக்கப் பல தயாரிப்புகளில் கொழுப்புத்துளிகள் நுண்ணியதாக உடைக்கப்பட்டு, பால்மமாக்கிகளும் கொத்தவரைப் பிசினும் சேர்க்கப்படுகின்றன. பொடி என்பது பாலைத் தூவி உலர்த்துவது. பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரினும் சோடியம் கேசினேட்டும் அதில் சேரும்.

பன்னாட்டு உணவுத் தரமான கோடெக்ஸ் (2003) தேங்காய்ப்பாலுக்குக் குறைந்தது 10 சதவீதமும், தேங்காய்க் கிரீமுக்கு 20 சதவீதமும் கொழுப்பை வரையறுக்கிறது.

சுவை வேறுபாடு

தேங்காயின் மணத்துக்கு முக்கியக் காரணம் லாக்டோன்கள் என்னும் சேர்மங்கள். நீண்ட நேரம் சூடாக்கப்பட்ட தகர டப்பாப் பாலில் புதுமணம் குறைந்து வெந்த வாடை வரலாம். மறுபுறம், பால்மமாக்கி சேர்ந்த பால் கொதித்தாலும் எளிதில் திரிவதில்லை. எனவே முதல் பாலின் புதுமணமே முதன்மையான பிரதமனில் வேறுபாடு எளிதில் தெரியும். மசாலா மிகுந்த குழம்பில் அது பெரும்பாலும் மறைந்துவிடும்.

கௌரவமும் உழைப்பும்

தேங்காய் துருவி, அரைத்து, பிழியும் வேலை வீடுகளில் பெரும்பாலும் பெண்களுடையது. "பொடிப்பாலா?" என்ற ஏளனம் சுவையைப் பற்றியதாகத் தோன்றினாலும், தென்னை உள்ள வீடு, பிழிய ஆள் உள்ள வீடு என்ற தகுதியையும் அளக்கிறது. உண்பவர் பெருமை கொள்ளும் சுவைக்கு உழைப்பவர் வேறொருவர். வேலைக்குச் செல்பவர், தனித்து வாழும் முதியவர், தேங்காய் விலை மிகுந்த ஊரில் இருப்பவர் ஆகியோருக்குப் பொடி தேவையிலிருந்து வரும் தேர்வு. தென்னை வளம் மிக்க இலங்கையிலேயே பொடி பல வீடுகளில் அன்றாடப் பொருள்.

1937-ல் இந்தியாவில் அறிமுகமான டால்டாவும் நெய்யுடன் ஒப்பிடப்பட்டு ஏளனத்துக்கு உள்ளானது. ஆயினும் அதில் செய்த பலகாரத்தை உண்டு வளர்ந்தவர்களுக்கு அதுவே பண்டிகையின் சுவை. பழக்கமும் நினைவும் சேர்ந்தே சுவையை உருவாக்குகின்றன.

கவனிக்க வேண்டியது

சோடியம் கேசினேட் மாட்டுப்பாலின் புரதம். பால் ஒவ்வாமை உள்ளவர்களும் பால்பொருள் தவிர்ப்பவர்களும் தேங்காய்ப்பால் பொடியின் உறையில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படித்தே வாங்க வேண்டும். பிழிந்த பாலுக்கும் பொடிக்கும் இடையே சிலருக்கு உடல்நலத்தையே பாதிக்கக்கூடிய வேறுபாடு இது.