பழுதே இல்லாத பதிவேடு

சென்னைக்கு வடக்கே, எண்ணூரை அடுத்துள்ள வள்ளூர் அனல்மின் நிலையத்தில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று, என்.டி.பி.சி.யும் தமிழ்நாடு மின்வாரியமும் கூட்டாக நிறுவியவை. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் உயரழுத்த லைன்கள் வழியாகத்தான் வெளியே போயாக வேண்டும். ஒரு லைன் ஆண்டுக்கு எத்தனை முறை பழுதாகி 'ட்ரிப்' ஆகும், அதாவது தானாகத் துண்டித்துக்கொள்ளும்?

20 கி.மீ. லைன் ஒன்று 5 ஆண்டுகளாகப் பழுதே ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 100 'கிலோமீட்டர்-ஆண்டு' அனுபவம். பழுது பூஜ்ஜியம் என்பதால் பழுது வீதமும் பூஜ்ஜியமாகிவிடுமா? உண்மை வீதம் 100 கி.மீ.க்கு ஆண்டுக்கு 3 என்றிருந்தாலும்கூட, இப்படித் தப்பிக்க சுமார் 5 சதவீத வாய்ப்பு உண்டு. ஆகவே 95 சதவீத உறுதியோடு சொல்ல முடிவது, 'மூன்றுக்கு மேல் போகாது' என்பது மட்டுமே. ஐந்து வருட அமைதிக்குக் கிடைக்கும் கூலி இவ்வளவுதான்!

மிச்ச அனுபவத்தை மற்ற லைன்களிடமிருந்து கடன் வாங்க வேண்டும். தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இறந்தபின், 1763இல் வெளியான அவரது நிகழ்தகவுக் கட்டுரை இதற்கு வழி திறந்தது. இதேபோன்ற லைன்கள் 200 கிலோமீட்டர்-ஆண்டுகளில் 2 முறை பழுதாகியிருந்தால், அதையும் சேர்த்து 300க்கு 2 என்று எடுத்துக்கொள்ளலாம். அதாவது 100க்கு 0.67.

'இதேபோன்ற' என்பதில்தான் வித்தை இருக்கிறது. எண்ணூர்க் கடற்காற்று பீங்கான் இன்சுலேட்டர்களில் உப்பைப் பூசுகிறது. காய்ந்திருக்கும்வரை தொல்லையில்லை. மார்கழிப் பனி நனைத்ததும் உப்புப்படலம் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். கசிவு முற்றினால் பொறி பாய்ந்து லைன் ட்ரிப் ஆகும். எனவே கடலை விட்டு உள்ளே தள்ளி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகும் லைனைவிட, தூத்துக்குடிக் கடலோர லைனே வள்ளூருக்கு நெருங்கிய உறவு என்பேன். வரைபடத் தூரம் இங்கே உதவாது.

இத்தனையும் பழுதுகள் ஒன்றையொன்று சாராமல் வரும் என்ற நம்பிக்கையில் நிற்கும் கணக்கு. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையருகே கரையேறிய வர்தா புயல், ஆயிரக்கணக்கான மின்கம்பங்களை ஒரே நாளில் சாய்த்தது. அந்த நாளைச் சாதாரண நாட்களோடு கலந்து சராசரி எடுத்தால் இரண்டுமே கெடும். புயலுக்குத் தனிக் கணக்கு வேண்டும். அதற்குப் பழுதுப் பதிவேட்டைவிடப் பல பத்தாண்டுக் காற்றளவுகளே நல்ல சாட்சி. 50 ஆண்டுக்கொரு முறை வரக்கூடிய காற்று, 50 ஆண்டு ஆயுளுள்ள கோபுரத்தை ஒருமுறையாவது சந்திக்கும் வாய்ப்பு 64 சதவீதம். ஒரே கோபுரத்தில் இரண்டு சர்க்யூட் இருந்தால், கோபுரம் சாயும்போது இரண்டும் சேர்ந்தே போகும்; ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும் என்று வாய்ப்புகளைப் பெருக்கிக் காட்டும் தாளைப் பொறியாளர் அப்போது கிழித்துப் போட்டுவிடலாம்.