எந்த மணிக்கு வந்தது பத்திரம்?

அமெரிக்காவில் வீடோ நிலமோ விலைக்கு வாங்குகிற ஒருவர், பணத்தைக் கொடுத்து, விற்றவர் நோட்டரி முன்னிலையில் கையொப்பமிட்ட கிரயப் பத்திரத்தைக் கையில் பெற்றுக்கொண்டபின், காரியம் முடிந்துவிட்டதென்று அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாரானால், அவரைப் போன்ற ஏமாளி வேறொருவர் இரார். விற்றவர் மனச்சாட்சியற்றவராக இருந்து அதே வீட்டை மறுவாரம் மற்றொருவருக்கு விற்க, முதல் விக்கிரயத்தைப் பற்றி ஏதுமறியாத அந்த இரண்டாமவர் தம் பத்திரத்தை முந்திக்கொண்டு பதிவு செய்துவிட்டால், பெரும்பாலான மாநிலங்களில் வீடு அவரையே சேரும். வட கரோலினாவிலோ, முதல் விக்கிரயம் தெரிந்தே வாங்கியவராயினும், முந்திப் பதிந்தவருக்கே ஜயம். நம் நாட்டில் 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, பதிவான பத்திரத்திற்கு அது எழுதிக் கையொப்பமான நாளிலிருந்தே பலம் அளிக்கிறது. ஆகையால் இந்த ஓட்டப் பந்தயம் நமக்கு விசித்திரமாகத்தான் தோன்றும்.

மாஸசூஸெட்ஸ் குடியேற்றத்தில் 1640-லேயே தோன்றிவிட்ட இந்தப் பதிவு வழக்கம், இன்று பெரும்பாலும் கவுண்டி என்னும் ஜில்லாவின் ரிக்கார்டர் ஆபீஸில் நடக்கிறது. பத்திரத்தின் முதல் பக்கத்தில் மேலே வலப்புறம் வழக்கமாக வெறுமையாக விடப்பட்டிருக்கும் இடத்தில், தேதி, மணி, நிமிஷம், வரிசை எண் ஆகியவற்றை முத்திரையாகப் பதித்துப் பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை உரியவருக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கட்சிக்காரர்கள் நேரில் வர வேண்டியதில்லை. நோட்டரியின் முத்திரையும் கட்டணமும் சரியாயிருந்தால் போதும். எழுதியிருப்பது மெய்யா பொய்யா என்று விசாரிப்பது ரிக்கார்டரின் வேலையன்று. போலிப் பத்திரமும் அங்கே பதிவாகிவிடலாம். பதிவானதனால் அதற்கு உயிர் வந்துவிடாதென்பது வேறு விஷயம். பாத்தியதைக்குச் சர்க்கார் உத்தரவாதம் தராத அந்தக் குறையை நிரப்பத்தான் 1876-ல் பிலடெல்பியாவில் பாத்தியதை இன்ஷூரன்ஸ் கம்பெனி பிறந்தது.

1871 அக்டோபரில் சிகாகோ நகரம் பற்றியெரிந்தபோது, குக் கவுண்டியின் பதிவேடுகள் அத்தனையும் நியாயஸ்தலக் கட்டடத்தோடு சாம்பலாகிவிட, எந்த மனை யாருடையது என்று சொல்லச் சர்க்காரிடம் ஒரு காகிதமும் மிஞ்சவில்லை. அந்தப் பேரழிவில் ஊரைக் காத்தவை, பதிவேடுகளிலிருந்து குறிப்பெடுத்துக் கூலிக்கு வில்லங்கம் பார்த்துத் தந்த மூன்று தனியார் கம்பெனிகள் நெருப்பினின்றும் மீட்ட கணக்குப் புத்தகங்களே. அவற்றைச் சாட்சியமாக ஏற்க மறுவருஷமே இலினாய் மாநிலம் சட்டம் இயற்றியது. லாபத்துக்காக எழுதியது லோகோபகாரமாக முடிந்தது!

அக்கரையில் குடியேறிய நம்மவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அங்கே வில்லங்கம் பார்ப்பது பெரும்பாலும் விற்றவர், வாங்கியவர் பெயர்களின் அகராதியைக் கொண்டுதான். தகப்பனார் பெயரைத் தலையெழுத்தாகச் சுமக்கும் தமிழர் ஒருவர், ஒரு பத்திரத்தில் அதையே குடும்பப் பெயராக எழுதி, அடுத்ததில் முன்பின்னாக மாற்றிவிட்டால், ஏட்டில் அவர் இரண்டு மனிதராகிவிடுகிறார். பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள். தம் பெயரில் ஏதேனும் பத்திரம் பதிவானால் தகவல் அனுப்பும் இலவச ஏற்பாடு பல கவுண்டிகளில் இருக்கிறது, அதிலும் சேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள்.