சோளத்தின் கரிப்பூட்டை நோயும் நமது களங்களும்

ஊத்தங்கரை வட்டத்தின் மானாவாரி நிலங்களில் சோளம், வீட்டிற்குத் தானியமும் மாட்டிற்குத் தட்டும் ஒருங்கே அளிக்கும் பயிராகும். அண்மையில் சங்கமொன்றின் ஆய்வுக்குச் சென்றிருந்தபோது இப்பயிரைப் பற்றிய வழக்கொன்று என் செவிக்கு எட்டியது. அங்கத்தினர் ஒருவர், விதையின்றி இருந்த அண்டை நிலத்தார் மூவருக்குத் தம் விதைச் சோளத்தைக் கைமாற்றாகக் கொடுத்தார். பருவம் முடிந்தபோது நால்வர் நிலத்திலும் பல கதிர்களில் மணிக்குப் பதிலாகக் கரித்தூளே நிறைந்திருந்தது. கெட்ட விதையைக் கொடுத்துவிட்டார் என்று பெற்றவர்கள் குறை கூறினர். விதை நல்லதே, பனிதான் கெடுத்தது என்று கொடுத்தவர் வாதிட்டார். இரு சாராரும் தாம் நம்பியதையே கூறினர். நோயின் காரணத்தை இரு சாராரும் அறிந்திலர். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோய் பரவும் விதம்

இது தானியக் கரிப்பூட்டை எனப்படும் பூசண நோய். இந்நோய் கண்ட கதிர் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு நல்ல கதிரைப் போன்றே தோன்றும். மணி இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் கலந்த வெண்ணிறப் பைகள் இருக்கும்; அவற்றினுள் இருக்கும் கருந்தூளே பூசணத்தின் வித்துக்கள். களத்தில் கதிரடிக்கும்போது பைகள் உடைந்து, தூள் பறந்து, நல்ல மணிகளின் மேல் படிகிறது. கண்ணுக்குப் புலப்படாத அளவில் ஒட்டிக்கொண்ட அது, உலர்ந்த விதையின் மேல் பல காலம் உயிரோடிருக்கும்.

விதைத்தபின் சோளம் முளைக்கும்போதே பூசணமும் முளைத்து, நாற்று மண்ணுக்கு மேல் தலைகாட்டுமுன் அதனுள் புகுந்து, குருத்தோடு குருத்தாக வளர்கிறது. கதிர் வெளிவரும் வரையில் யாதோர் அடையாளமும் தெரியாது. தெரிந்தபின் எம்மருந்தும் பயன்படாது. பாவில் நேர்ந்த பிழையைத் தறியில் திருத்தவியலாது என்பதை நம் நெசவாள அங்கத்தினர்கள் நன்கறிவர், இதுவும் அத்தகையதே.

இவ்வகை நோய் பனியாலோ காற்றாலோ தானே தோன்றுவதன்று என்பது நெடுநாள் முன்னரே தெளிவாயிற்று. 1755-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துத் தில்லே என்பவர், கோதுமையின் கரித்தூளை நல்ல விதையில் பூசி விதைத்து, நோய் தொற்றுவதைக் காட்டினார். 1807-இல் பிரெவோ என்பவர், அத்தூள் முளைக்கும் உயிர்ப்பொருளே என்பதையும், தாமிர உப்பு அதனைத் தடுக்கும் என்பதையும் மெய்ப்பித்தார்.

நான்கு வகைகள்

சோளத்தில் கரிப்பூட்டை நான்கு வகைப்படும். தானியக் கரிப்பூட்டையும், குட்டையான பயிரில் முன்னதாகவே கதிர் தள்ளித் தூளை உதிர்த்துவிடும் உதிரிக் கரிப்பூட்டையும் விதை வழியாக வருவன. கதிர் முழுவதையுமே ஒரு பெரும் பையாக மாற்றும் தலைக் கரிப்பூட்டை மண்ணிலிருந்து வருவது. கதிரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீண்ட பைகளைத் தோற்றுவிக்கும் நீள் கரிப்பூட்டை காற்று வழியாகப் பரவுவது. விதை நேர்த்தி முதலிரண்டையே தடுக்கும். தலைக் கரிப்பூட்டை கண்ட நிலத்தில் மறு ஆண்டு வேறு பயிரிடுதல் நலம்.

தடுக்கும் முறை

விதைக்குமுன், கிலோ ஒன்றுக்கு 4 கிராம் வீதம் மிக நுண்ணிய கந்தகத் தூளைக் கலக்க வேண்டும். மானாவாரியில் ஏக்கருக்கு 6 கிலோ விதை எனக் கொண்டால் 24 கிராம் போதும். மூடியுள்ள பாத்திரத்தில் பாதியளவு விதையிட்டு, தூளைத் தூவி, எல்லா மணிகளிலும் படியும்படி நன்கு உருட்டிக் குலுக்க வேண்டும். இவ்வாறு நேர்த்தி செய்த விதை எஞ்சினால் அதனை உணவுக்கோ கோழித் தீவனத்திற்கோ பயன்படுத்தலாகாது. இதர மருந்துகளைப் பற்றி வேளாண்மை விரிவாக்க மையத்தாரைக் கேட்டறிக.

வயலில் நோயுற்ற கதிர்களைக் கண்டால், தூள் சிதறாவண்ணம் துணிப்பையால் மூடி அறுத்து, கொதிநீரில் அமிழ்த்தி அழித்தல் வேண்டும். அவற்றைக் களத்திற்குக் கொண்டுவருதல் கூடவே கூடாது.

சங்கங்களின் கடமை

ஒருவர் மட்டும் எச்சரிக்கையாக இருந்து பயனில்லை. களம் பொதுவானது. தார்ச்சாலையிலும் பலர் கதிர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பரப்புகின்றனர். வாடகைக்கு வரும் கதிரடிக்கும் இயந்திரமும் ஒரு நிலத்தின் தூளை அடுத்த நிலத்திற்குக் கொண்டு செல்கிறது. ஆகவே, விதைக்கென ஒதுக்கும் கதிர்களை நோயற்ற வயலில் தெரிந்தெடுத்து, வேறாக அடித்து, வேறாகவே சேமிக்க வேண்டும். விதை கைமாறும்போது கந்தகமும் உடன் கைமாறட்டும். சங்க நிர்வாகிகள் ஆடிப்பட்டத்திற்கு முன்னரே கந்தகத் தூளைத் தருவித்து இருப்பில் வைத்தல் நன்று.

மேற்கூறிய வழக்கில் கொடுத்தவர் வஞ்சித்தாரல்லர், மணியும் கெட்டதன்று. மணிமேல் ஒட்டியிருந்த தூளே நால்வர் மகசூலையும் அவர்தம் நட்பையும் ஒருங்கே குறைத்தது. சில ரூபாய்ச் செலவில் இவ்விரண்டையும் காக்கலாம் என்பதை அங்கத்தினர்கள் மனத்திற்கொண்டு, வரும் அறுவடைக்கு முன்பே தத்தம் சங்கக் கூட்டத்தில் இது குறித்துக் கலந்து முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.