உங்களுக்குத் தெரியுமா? கலகக்காரர் மகன் காஞ்சிபுரம் வந்த கதை

மைசூரு பக்கம் போகிறவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறங்கி, தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரை அவசியம் பாருங்கள். அங்கே தீட்டப்பட்டிருப்பது 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் நடந்த போர். ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படையை அங்கே அடியோடு முறியடித்தார்கள்.

பெய்லிக்கு உதவியாக அனுப்பப்பட்டவர்களில் 73வது ஹைலேண்ட் படைப்பிரிவின் வீரர்களும் இருந்தார்கள். அந்தப் பிரிவைத் திரட்டியவர் ஸ்காட்லாந்துப் பிரபு மக்லியோட் (1727–1789). இவருடைய வாழ்க்கை வியக்க வைப்பது. 1745ல் தந்தை குரோமார்ட்டி பிரபுவோடு சேர்ந்து ஆங்கில அரசருக்கு எதிராகவே ஆயுதம் ஏந்தியவர்! பிடிபட்டு, 1748ல் மன்னிப்புப் பெற்று, ஸ்வீடனுக்குப் போய் அந்நாட்டு ராணுவத்தில் நெடுங்காலம் பணிபுரிந்தார். 1777ல் தாயகம் திரும்பி, எந்த அரச குடும்பத்தை எதிர்த்தாரோ அதற்காகவே படை திரட்டி, 1780 ஜனவரியில் சென்னை வந்து சேர்ந்தார்.

புள்ளலூர்ப் போரன்று அவர் ஆங்கிலேயத் தளபதி மன்றோவின் முதன்மைப் படையோடு காஞ்சிபுரத்தில் இருந்தார். சில மைல் தொலைவுதான்; ஆனாலும் அந்தப் படை உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. மக்லியோடின் பிரிவிலிருந்து பெய்லிக்கு உதவச் சென்றிருந்த கேப்டன் டேவிட் பெயர்ட் காயங்களோடு சிறைப்பட்டு, 1784 வரை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடைபட்டுக் கிடந்தார். 1799 மே 4 அன்று அதே கோட்டையைத் தாக்கிய படைக்கு அவரே தலைமை தாங்கினார்.

மக்லியோட் 1780ல் ராஸ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1745 கலகத்தால் பறிமுதலான குடும்ப நிலங்கள் 1784ல் அவருக்கே திரும்பக் கிடைத்தன.