மூத்தாப்பாவின் றிவோல்வருக்கு வயதென்ன?



மாவனல்லைப் பகுதியில் பழைய துவக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் உத்துவன்கந்தைச் சரதியேலின் பெயர் வராமல் போகாது. 1864 மார்ச் 21ஆம் திகதி அவனைப் பிடிக்கப் போன மலாய்க் கான்ஸ்டபிள் துவான் சபான் மாவனல்லையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கடமையில் உயிர் நீத்த முதற் பொலிஸ் வீரராக அவரைக் கருதி, அந்நாளையே பொலிஸ் வீரர் தினமாக அனுஷ்டிக்கிறார்கள். அதே ஆண்டு மே 7இல் சரதியேலும் அவனது தோழன் மம்மலி மரிக்காரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டனர்.

இப்படிப்பட்ட ஊரில் மூத்தாப்பாவின் றிவோல்வர் ஒன்று அல்மாரியில் கிடந்தால், "சரதியேல் காலத்துத் துவக்கு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அது உண்மைதானா?

எடுத்துப் பார்க்க முன் ஒன்றைக் கவனியுங்கள். எவ்வளவு பழைய துவக்கானாலும் உள்ளே ரவை இருக்கிறதென்றே எண்ண வேண்டும். பிள்ளைகள் கையில் படக் கூடாது. 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டப்படி அனுமதிப்பத்திரமும் தேவை. அது இல்லையென்றால் பொலிஸாருக்கு அறிவியுங்கள். நீங்களே பையில் போட்டுக் கொண்டு போக வேண்டாம். வயது பார்ப்பது, தெரிந்தவர் ஒருவர் ரவை இல்லை என்று உறுதி செய்த பிறகுதான்.

முதலில் ரவை போடும் விதத்தைப் பாருங்கள். சரதியேல் காலத்தில் பெரும்பாலான றிவோல்வர்களில் வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் உருளையின் முன்பக்கத்தால் இடித்து நிரப்பி, பின்பக்கம் சிறு கேப்பு மாட்டுவார்கள். உலோகத் தோட்டா போடும் றிவோல்வரை அமெரிக்காவின் ஸ்மித் அன்ட் வெசன் கம்பனி 1857இல் விற்கத் தொடங்கினாலும், பிரித்தானியப் படை அதற்கு மாறியது 1860களின் இறுதியில்தான். நடுவில் மடித்துத் தோட்டா போடும் வெப்லி அப்படைக்கு வந்ததோ 1887இல். மூத்தாப்பாவின் துவக்கு அந்த வகையென்றால், சரதியேல் அதைத் தொட்டிருக்க வழியில்லை.

அடுத்தது முத்திரைகள். பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சோதித்த துவக்குகளில் முட்டை வடிவ முத்திரை இருக்கும். அதன் மேல் கிரீடமும் இருந்தால் 1893க்கு முந்தியதல்ல. பிரித்தானியச் சோதனைச் சாலையின் 'என்.பி.' என்ற எழுத்துகள் 1904க்குப் பிந்தியவை. முதலாம் உலகப் போர்க் காலத்து வெப்லி பலவற்றில் செய்த ஆண்டே பொறிக்கப்பட்டிருக்கும்.

ஆனால் கண்ட ஆண்டையெல்லாம் நம்பிவிடாதீர்கள். அமெரிக்கத் துவக்குகளின் குழலில் காணும் திகதிகள் பல, காப்புரிமை பெற்ற திகதிகள். துவக்கு அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம். தொடரிலக்கத்தைக் கம்பனியின் பதிவுகளோடு ஒப்பிடுவதே கூடுதல் உறுதி. ஆகவே பளபளப்பாக்க எண்ணி மண்தாளாலோ சாம்பலாலோ தேய்க்காதீர்கள். எழுத்து அழிந்தால் சாட்சியும் அழிந்துவிடும்.

ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் பிறந்த ஆண்டையும், அவர் யாரிடம் கேட்டதாகச் சொல்கிறாரோ அவர் இறந்த ஆண்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். இங்கும் அதே கணக்குத்தான்.

வெறும் கதைதானே என்று விட்டுவிடவும் முடியாது. சபானின் உயிர் போன சம்பவம் அது. பின்னாளில் செய்த ஓர் இரும்பை அதோடு முடிச்சுப் போட்டால், அக்கொலையில் எந்தப் பங்கும் இல்லாத மூத்தாப்பாவின் மீது நாமே பழி ஏற்றியவர்களாவோம். பேரப்பிள்ளைகளும் அதையே பெருமையாகச் சொல்லித் திரிவார்கள். அவர்களுக்குச் சரியான ஆண்டைச் சொல்லிக் கொடுங்கள்.